டவர் இல்லாத மலையில் நகரும் நீலப்புள்ளி

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இதுபோன்ற மலைச்சாலைகளில் பாதி ஏறுவதற்குள்ளேயே போனில் டவர் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, சில இடங்களில் அடியோடு காணாமல் போய்விடும். அந்த நேரத்தில் மேப்பைத் திறந்தால் சாலையும் இருக்காது, ஊர்ப்பெயரும் இருக்காது; வெளிறிய கட்டங்கள் மட்டும் திரையை நிரப்பியிருக்கும். ஆனால் நடுவே நீலப்புள்ளி ஒன்று, வண்டி திரும்பும்போதெல்லாம் தானும் திரும்பி, இடமும் வலமுமாக ஏறிக்கொண்டே இருக்கும். இணையம் அறுந்துபோன போனில் அந்தப் புள்ளியை நகர்த்துவது எது?

ஜிபிஎஸ் பற்றி நம்மிடையே இரண்டு நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன. நெட் இல்லையென்றால் ஜிபிஎஸ் ஓடாது என்பது ஒன்று. மேலேயிருந்து செயற்கைக்கோள் நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிறது, நாம் எங்கே போனாலும் அதற்குத் தெரிந்துவிடும் என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. ஊரில் இருக்கும்போது இந்தத் தவறால் பெரிய நஷ்டம் எதுவும் வந்துவிடாது. நடுக்கடலிலும் அடர்காட்டிலும் அப்படியல்ல. அங்கே இதை யாரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கக் கூடாது.

திருச்சி வானொலியை நீங்கள் கேட்கிறீர்கள் என்பது திருச்சி வானொலிக்குத் தெரியாது. நிலையம் ஒலிபரப்புகிறது, பெட்டி வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஜிபிஎஸ்ஸும் அப்படித்தான். செயற்கைக்கோள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது; போனுக்குள் இருக்கும் சிறு சில்லு அதைக் கேட்கிறது. சில்லிலிருந்து செயற்கைக்கோளுக்கு ஒரு துளி சிக்னல்கூடத் திரும்பப் போவதில்லை. நீங்கள் ஒருவர் இருக்கிறீர்கள் என்பதே அதற்குத் தெரியாது. உலகத்தில் ஒரே ஒரு போன் கேட்டாலும், நூறு கோடிப் போன்கள் கேட்டாலும் மேலே எந்த மாற்றமும் இல்லை.

அமெரிக்கா பறக்கவிட்டிருக்கும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் இன்று ஏறக்குறைய 31. தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு நாளைக்கு இரண்டு முறை பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் திரும்பத் திரும்பச் சொல்வது இரண்டே செய்திகள்: இப்போது மணி என்ன, நான் எங்கே இருக்கிறேன். இந்த இரண்டும் போதும். நேர் மேலே இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து ஒரு சிக்னல் தரைக்கு வந்து சேர 67 மில்லிவினாடி பிடிக்கும். புறப்பட்ட நேரம் சிக்னலிலேயே இருக்கிறது, வந்து சேர்ந்த நேரம் போனில் இருக்கிறது. இடைப்பட்ட நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் வந்துவிடும். மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிட வேண்டும்.

தெரிய வேண்டும்தான், ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. செயற்கைக்கோளில் இருப்பது அணுக்கடிகாரம். போனில் இருப்பது சில ரூபாய் விலையுள்ள குவார்ட்ஸ் துண்டு. நேரத்தில் மைக்ரோவினாடி ஒன்று பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். இதற்கு ஜிபிஎஸ் பொறியாளர்கள் கண்ட வழி எனக்கு எப்போதும் வியப்புத் தருவது: நான்காவதாக ஒரு செயற்கைக்கோளையும் கேட்டுவிடுவது. கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு, உயரம் ஆகிய மூன்றோடு, என் கடிகாரம் எவ்வளவு தப்பு என்பதையும் நான்காவது விடையாக வைத்து நான்கு சமன்பாடுகளைத் தீர்த்துவிடலாம். அணுக்கடிகாரம் இல்லாத போனுக்கு அணுக்கடிகாரத்தின் நேரம் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. அதனால்தான் உயரத்தோடு சேர்த்து இடம் சொல்ல ஜிபிஎஸ் கருவி நான்கு செயற்கைக்கோள்கள் கிடைக்கும் வரை தயங்கி நிற்கிறது.

அந்த அணுக்கடிகாரங்களைத் திருத்தும் வேலையில் ஐன்ஸ்டைனுக்கும் பங்கு உண்டு. உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால் அங்குள்ள கடிகாரம் நாளொன்றுக்கு 45 மைக்ரோவினாடி வேகமாக ஓடும். விரைந்து பறப்பதால் 7 மைக்ரோவினாடி மெதுவாக ஓடும். கழித்தது போக மிஞ்சும் 38 மைக்ரோவினாடியைக் கண்டுகொள்ளாமல் விட்டால் தூரக் கணக்கில் நாளுக்குச் சுமார் 11 கிலோமீட்டர் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஏவுவதற்கு முன்பே கடிகாரத்தின் வேகத்தை அந்த அளவுக்குக் குறைத்து வைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

தரைக்கு வந்து சேரும் சிக்னலின் பலவீனம் இன்னும் வியப்பானது. செயற்கைக்கோள் அனுப்புவது சில பத்து வாட் திறன். வீட்டில் எரியும் சில எல்இடி விளக்குகளுக்குச் சமம். அது 20,000 கிலோமீட்டர் விரிந்து பரவி நம் கைக்கு வரும்போது, ஒரு வாட்டைப் பத்தாயிரம் லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு அளவே மிஞ்சுகிறது. போனின் சுற்றுகளில் வெப்பத்தால் எழும் இரைச்சலே இதைவிட அதிகம். இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடக்கும் இந்தச் சிக்னலைப் போன் எப்படி எடுக்கிறது?

ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் தனித்தனியாக 1,023 சுழியங்களும் ஒன்றுகளும் கொண்ட ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையை அது ஒவ்வொரு மில்லிவினாடியும் மறுபடி மறுபடி ஒலிக்கிறது. எல்லாச் செயற்கைக்கோள்களின் வரிசைகளும் வெளிப்படையானவை, போனுக்குள்ளேயே பதிந்திருக்கின்றன. போன் அதே வரிசையைத் தானும் உருவாக்கி, வந்திருக்கும் இரைச்சலின் மீது வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்க்கிறது. பொருந்தாத இடங்களில் கூட்டலும் கழித்தலுமாகக் கரைந்து ஒன்றுமில்லாமல் போகும். சரியாகப் பொருந்தும் ஓர் இடத்தில் மட்டும் ஆயிரம் துளிகளும் ஒரே பக்கம் சேர்ந்து, இரைச்சலுக்கு மேலே தலை தூக்கும். எவ்வளவு நகர்த்தியபோது பொருந்தியது என்பதிலேயே சிக்னல் வந்த நேரமும் அடங்கியிருக்கிறது. எல்லாச் செயற்கைக்கோள்களும் ஒரே அலைவரிசையில், 1575.42 மெகாஹெர்ட்ஸில் பேசினாலும் வரிசை வேறு என்பதால் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. இத்தனையும் போனுக்குள்ளேயே நடக்கிறது. எந்தச் சர்வரையும் கேட்க வேண்டியதில்லை.

கருவி பேசாமல் கேட்க மட்டும் செய்வது தற்செயலாக அமைந்ததல்ல. 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியபோது, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இருவர் அதன் பீப் ஒலியைப் பதிவு செய்தார்கள். நெருங்கும்போது சுருதி ஏறுவதையும் விலகும்போது இறங்குவதையும் வைத்து, ஸ்புட்னிக்கின் பாதையையே கணித்துவிட்டார்கள். அதே ஆய்வகத்தின் ஃபிராங்க் மெக்லூர் 1958-இல் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: நாம் இருக்கும் இடத்தை வைத்துச் செயற்கைக்கோளின் பாதையைக் கண்டுபிடிக்கலாம் என்றால், செயற்கைக்கோளின் பாதையை வைத்து நாம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாமே? அதிலிருந்து பிறந்ததுதான் டிரான்சிட் என்ற அமைப்பு. ஏவுகணை சுமந்த நீர்மூழ்கிகள் தம் இடத்தைத் தெரிந்துகொள்ள அது உதவியது. நீர்மூழ்கி வாய் திறந்து சிக்னல் அனுப்பினால் அதுவே அதன் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே கேட்டாலே இடம் தெரிந்துவிட வேண்டும் என்பது அங்கே அடிப்படைத் தேவை. 1978-இல் முதல் செயற்கைக்கோள் பறந்த ஜிபிஎஸ்ஸும் இதே தேவையைக் கருத்தில் கொண்டே கட்டப்பட்டது. படைவீரருக்காகச் செய்த மௌனம் இன்று மலையேறுகிறவருக்கும் மீனவருக்கும் பயன்படுகிறது.

1983 செப்டம்பரில் வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டார்கள். ஜிபிஎஸ் தயாரானதும் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்படும் என்று அதிபர் ரீகன் அறிவித்தது அதன் பிறகுதான். அப்போதும் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நீக்கினார்கள். இன்று திறந்த வானத்தின் கீழ் சாதாரண ஸ்மார்ட்போன் ஐந்து மீட்டருக்குள் இடம் சொல்கிறது. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவற்றையும் அதே போன் கூடவே கேட்கிறது.

நம்முடைய நாவிக் அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. இந்தியாவையும் அதைச் சுற்றி 1,500 கிலோமீட்டரையும் மட்டும் குறிவைத்தது என்பதால் ஏழு செயற்கைக்கோள்களே போதும் என்று திட்டமிட்டார்கள். ஆனால் முதல் செயற்கைக்கோளில் இருந்த வெளிநாட்டு ருபீடியம் கடிகாரங்கள் மூன்றும் பழுதாகி, மற்றவை எல்லாம் நன்றாக இருந்தும் அது இடம் சொல்லும் வேலைக்கு உதவாமல் போயிற்று. இந்தத் தொழில்நுட்பத்தில் கடிகாரம் போனால் எல்லாம் போயிற்று. 2023 மே 29 அன்று ஏவிய என்விஎஸ்-01 இந்தியாவிலேயே செய்த ருபீடியம் கடிகாரத்தைச் சுமந்து சென்றது.

அப்படியென்றால் இணையத்துக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது. அது எங்கே நுழைகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தைச் சொல்லும் வேகம் வினாடிக்கு 50 பிட். இன்றைய செல்போன் நெட்டோடு ஒப்பிட முடியாத அளவுக்கு மெதுவானது. இடம் கணிக்க அவசியமான பகுதியைச் சொல்லி முடிக்க 18 வினாடி ஆகும். 30 வினாடிக்கு ஒருமுறை அது மறுபடி வரும். நடுவில் ஒரு பேருந்து மறைத்தாலோ, மரக்கிளைக்கு அடியில் போய்விட்டாலோ சில பிட்டுகள் தவறும். அந்தப் பகுதி மறுபடி வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான். எந்தெந்தச் செயற்கைக்கோள் ஏறக்குறைய எங்கே இருக்கும் என்ற மொத்தப் பஞ்சாங்கமும் வந்து சேர 12.5 நிமிடம். பாதை விவரம் நான்கு மணி நேரம்தான் செல்லும். பிறகு புதிதாக வாங்க வேண்டும்.

நெட் இருக்கும்போது போன் இந்தக் காத்திருப்பைத் தவிர்த்துவிடுகிறது. பாதை விவரம் முழுவதையும் இணையம் வழியாக ஒரு நொடியில் இறக்கிக்கொள்கிறது. பக்கத்து டவரை வைத்து, நீ சேலம் பக்கம் இருக்கிறாய் என்ற உத்தேசமான தகவலும் கிடைத்துவிடுகிறது. எனவே மேப்பைத் திறந்த உடனே புள்ளி வந்து நிற்கிறது. நெட் இல்லாத இடத்தில், அதுவும் போனை நெடுநேரம் அணைத்து வைத்திருந்து பிறகு திறந்தால், இதே வேலையைப் போன் வானத்திடமிருந்து சொட்டுச் சொட்டாக வாங்கித்தான் செய்ய வேண்டும். பலரும் பத்து வினாடி பார்த்துவிட்டு, ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை என்று போனை உள்ளே வைத்துவிடுகிறார்கள். செய்ய வேண்டியது எளிது: வானம் நன்றாகத் தெரியும் இடத்தில், நடக்காமல், சில நிமிடம் பொறுமையாக நிற்பது. ஒருமுறை புள்ளி பிடித்துவிட்டால் பிறகு நடக்கலாம்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் சிக்னல் சரியாக நுழையாது. அங்கே போன் சுற்றியுள்ள வைஃபை பெயர்களையும் டவர்களையும் இணையத்தில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டு இடம் சொல்கிறது. வீட்டுக்குள் இருந்து நெட்டை அணைத்துச் சோதித்துப் பார்ப்பவருக்குப் புள்ளி மங்கிப் பெரிய வட்டமாக மாறுவது தெரியும். நெட் போனதால் ஜிபிஎஸ் போயிற்று என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் அங்கே ஜிபிஎஸ் ஆரம்பத்திலிருந்தே இல்லை.

மிச்சம் இருப்பது வரைபடம். போனுக்கு இடம் எண்களாகத்தான் தெரியும்; அந்த எண் எந்தச் சாலையில் விழுகிறது என்று சொல்ல வரைபடம் வேண்டும். அது இணையத்திலிருந்து வருவது. கிளம்புமுன் வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால் மலையில் வெறும் கட்டங்களைப் பார்க்க நேராது. கூகுள் மேப்ஸில் ஒரு பகுதியைத் தேர்ந்து இறக்கலாம். நெட் இல்லாமல் வண்டிக்கு வழி சொல்லும், நடந்து போகிறவருக்குச் சொல்லாது. காட்டுப்பாதைகளுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற செயலிகளே பொருத்தம். தன்னார்வலர்கள் நடந்து பார்த்துப் பதிந்த ஒற்றையடிப் பாதைகள்கூட அவற்றில் பல இடங்களில் கிடைக்கும். இறக்கிய பிறகு, வீட்டிலேயே போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, போகவிருக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். தெரு தெரிந்தால் இறங்கியிருக்கிறது.

அந்த ஏரோபிளேன் மோடை மலையிலும் போட்டு வைப்பது நல்லது. டவர் கிடைக்காத இடத்தில் போன் விடாமல் டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். பேட்டரியைக் குடிப்பது பெரும்பாலும் இந்தத் தேடல்தான். இன்றைய போன்களில் ஏரோபிளேன் மோடிலும் ஜிபிஎஸ் இயங்கும். அனுப்பும் கதவுகளை அடைத்தாலும் கேட்கும் காது திறந்தே இருக்கும்.

நாம் போன வழியைப் பதிந்து வைக்கவும் இணையம் வேண்டாம். வினாடிக்கு ஒரு புள்ளி, புள்ளிக்கு நூறு பைட் என்று வைத்துக்கொண்டால் எட்டு மணி நேர நடை மூன்று எம்பிக்குள் அடங்கும். வந்த வழியே திரும்ப வேண்டிய நேரத்தில், பனி இறங்கிப் பத்தடி தெரியாதபோது, அந்தக் கோட்டின் மேல் புள்ளியை வைத்து நடந்தால் போதும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: நிற்கும்போது ஜிபிஎஸ்ஸுக்குத் திசை தெரியாது. நாலடி நடந்தால்தான் எந்தப் பக்கம் போகிறோம் என்று அது சொல்ல முடியும்.

இதுவரை பேசியது நாம் இருக்கும் இடத்தை நாம் அறிவது பற்றி. நாம் இருக்கும் இடத்தை இன்னொருவர் அறிவது முற்றிலும் வேறு வேலை. டிராக்கிங் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சொல்லிவிடுகிறோம். ஆபத்து தொடங்குவது அங்கேதான். ஜிபிஎஸ் நம் இடத்தை நமக்குச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளும். அதைக் கரைக்கோ, வீட்டுக்கோ கொண்டு சேர்க்கத் தனியாக ஒரு வழி வேண்டும்.

2023-இல் கேரளத்தின் சின்னக்கானல் பகுதியிலிருந்து அரிக்கொம்பன் யானையைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மே கடைசியில் கம்பம் நகருக்குள் வந்தது. ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை அதை மறுபடி பிடித்து களக்காடு முண்டந்துறைப் பகுதிக்குக் கொண்டுபோனது. அதன் நடமாட்டத்தை அறிய மாட்டியிருந்த கழுத்துப்பட்டைக்குள் இரண்டு வேலைகள் நடந்தன. இடத்தைத் தெரிந்துகொள்வது ஒரு வேலை. தெரிந்த இடத்தை வேறொரு தகவல்தொடர்புச் செயற்கைக்கோளுக்குச் சொல்வது மற்றொன்று. அடர்ந்த காட்டுக்குள் யானை போகும்போது செய்தி வருவது தாமதப்பட்டால், யானைக்கு ஜிபிஎஸ் போய்விட்டது என்று பொருளில்லை. சொல்லும் வழி அடைபட்டிருக்கலாம்.

வாடகை வண்டிகளிலும் பேருந்துகளிலும் பொருத்தும் கருவிக்குள் ஒரு சிம் இருக்கிறது. டவர் இல்லாத மலைப்பாதையில் அது புள்ளிகளை உள்ளேயே சேர்த்து வைத்து, டவர் வந்ததும் மொத்தமாக அனுப்பிவிடும். வண்டி போன வழி முழுவதும் பிறகு தெரியும். இப்போது எங்கே என்று தெரியாது. சில மலிவான கருவிகள் டேட்டா இல்லாமலும் குறுஞ்செய்தியாக இடத்தை அனுப்பும். அதற்கும் டவர் வேண்டும். தனிமனிதர் கையில் வைத்திருக்கும் செயற்கைக்கோள் தொலைபேசிகளும், உலகெங்கும் மலையேறுபவர்கள் பயன்படுத்தும் செயற்கைக்கோள் செய்திக் கருவிகளும் இந்தியாவில் முன் அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாதவை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தெரியாமல் கொண்டுவந்து விமான நிலையத்தில் கைதானதுண்டு. உறவினர் கொண்டுவருகிறேன் என்றால் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

கடலில் இந்த வேறுபாட்டின் விலை உயிர். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி போன்ற ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பேர்போனவர்கள். சுறாவையும் சூரையையும் தேடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி, வாரக்கணக்கில் கடலிலேயே இருப்பார்கள். கரை தெரியும் தூரத்தில் தொழில் செய்த முந்தைய தலைமுறை, ஒரு மலைமுகட்டையும் ஒரு கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்து, வேறு பக்கம் இன்னொரு நேர்கோட்டையும் பிடித்து, இரண்டும் வெட்டும் இடத்தில் கடலடிப் பாரைக் கண்டுகொண்டது. கரை மறைந்த கடலில் அந்த வேலையை ஜிபிஎஸ் கருவி எடுத்துக்கொண்டது. மீன் கிடைத்த இடத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த பயணத்துக்கு அந்த இடம் இருக்கும். பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தம் வகுத்த கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோட்டை ஏற்றி வைத்து, நெருங்கினால் எச்சரிக்கச் சொல்லவும் முடியும். இணையம் எதற்கும் தேவைப்படவில்லை.

2017 நவம்பர் 30 காலையில் குமரிக்கடலில் ஒக்கி புயலாக உருவெடுத்தது. முந்தைய நாள்தான் அது தாழ்வு மண்டலமாக மாறியிருந்தது. ஆழ்கடல் படகுகள் அதற்கு வெகுநாள் முன்பே கிளம்பிப் போயிருந்தன. தாங்கள் எந்த அட்சரேகை, எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறோம் என்பது ஜிபிஎஸ் வைத்திருந்த படகில் இருந்தவர்களுக்கு மீட்டர் கணக்கில் தெரியும். புயல் வருகிறது என்பதை அவர்களுக்குச் சொல்ல வழியில்லை. தாங்கள் இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்ல அவர்களில் பெரும்பாலோருக்கும் வழியில்லை. படகுகளில் இருந்த விஎச்எஃப் வயர்லெஸ் பூமியின் வளைவைத் தாண்டாது. ஒன்பது மீட்டர் உயர ஆன்டெனா வைத்த இரு படகுகளுக்கு இடையே சுமார் 25 கிலோமீட்டர். கரையில் நூறு மீட்டர் கோபுரம் கட்டினாலும் 53 கிலோமீட்டர். அதற்கு அப்பால் இருந்தவர்களின் குரல் கரையில் ஒருவருக்கும் கேட்கவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக இருநூறுக்கும் மேற்பட்ட மீனவர்கள் மாண்டார்கள் அல்லது திரும்பவே இல்லை. கப்பல்களும் விமானங்களும் தேடிய கடற்பரப்போ எல்லையற்றது. எங்கே தேடுவது என்ற தகவல்தான் இல்லை. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான பெண்களும் ஆண்களும் தண்டவாளத்தில் உட்கார்ந்தது, தேடுங்கள் என்று கேட்பதற்காகத்தான்.

அந்த இழப்புக்குப் பிறகே இடைவெளியை அடைக்கும் வேலை வேகம் பிடித்தது. 2019 அக்டோபரில் ஜெமினி என்ற சிறு கருவி வெளியானது. விமானங்களுக்காக இந்தியா உருவாக்கிய ககன் செயற்கைக்கோள் சிக்னல் வழியே புயல் எச்சரிக்கையும் மீன்வளப் பகுதிகளும் வரும்; கருவி அதை ப்ளூடூத் மூலம் போனுக்குக் கொடுக்க, மீனவர் தன் மொழியில் படித்துக்கொள்வார். நெட்டும் டவரும் வேண்டாம். ஆனால் இதுவும் கேட்க மட்டும் தெரிந்த கருவி. இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதலே இருந்தது. அது சொல்ல மட்டும் தெரிந்தது. கவிழப்போகும் படகில் பொத்தானை அழுத்தியவருக்கு, தன் குரல் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. 2024 ஜனவரியில் வந்த அதன் இரண்டாம் தலைமுறைக் கருவியில்தான், செய்தி கிடைத்தது என்று பதில் திரும்பி வருகிறது. உதவி வருகிறது என்று தெரிந்தவர் தாக்குப்பிடிக்கும் நேரமும் தெரியாதவர் தாக்குப்பிடிக்கும் நேரமும் ஒன்றாக இருக்க முடியாது. அந்தப் பதில் வரியை ஒரு கூடுதல் வசதியாக என்னால் நினைக்க முடியவில்லை.

2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கிய திட்டம் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்துவதாகச் சொல்கிறது. படகின் இடம் செயற்கைக்கோள் வழியே கரைக்கு வரும், கரையின் செய்தி படகுக்குப் போகும். இரண்டு வழியும் திறந்த ஏற்பாடு இது. விசைப்படகுகளுக்கு இணையாக, வெளிப்பொறி பூட்டிய ஃபைபர் வள்ளங்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும். உப்புக்காற்றில் கெட்டுப்போன கருவியை மாற்றித் தர ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்திலும் ஆள் வேண்டும். ஒருமுறை கொடுத்துவிட்டுப் போகும் பொருளாக இது இருந்துவிடக் கூடாது.

கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இடத்தை வாயால் சொல்ல வேண்டிய நேரம் வரும். படகிலிருந்து பக்கத்துப் படகுக்கு, அங்கிருந்து ஊருக்கு, ஊரிலிருந்து கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கு என்று எண்கள் கைமாறும். அங்கே ஒரு பிழை எளிதில் நுழைகிறது. போன் பெரும்பாலும் பாகையைப் பத்தில் நூறில் பிரித்துக் காட்டும்: 8.50. படகுக் கருவி பாகையையும் அதன் அறுபதில் ஒரு பங்கான கலையையும் காட்டும்: 8 டிகிரி 50 மினிட்ஸ். இரண்டையும் ‘எட்டு ஐம்பது’ என்றுதான் படிப்போம். ஆனால் 8.50 என்பது 8 டிகிரி 30 மினிட்ஸ். இடையில் 20 மினிட்ஸ் வித்தியாசம். கடலில் 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர் தள்ளித் தேடுவார்கள். ஆகவே எண்ணோடு சேர்த்து அலகையும் சொல்ல வேண்டும்: ‘எட்டு டிகிரி, ஐம்பது மினிட்ஸ், வடக்கு’. கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எழுதிக்கொண்ட பிறகே வைக்க வேண்டும்.